பாவம் இருக்கிற படம்: விலகுவதா, வடிகட்டுவதா, பகுத்துப் பார்ப்பதா?

வீட்டில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து படம் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று அந்தக் காட்சி வந்தது. எந்தக் காட்சி என்று சொல்லத் தேவையில்லை. அப்பா தொண்டையைச் செருமினார். அம்மாவுக்குச் சமையலறையில் ஏதோ வேலை ஞாபகம் வந்தது. தம்பி போனை எடுத்து, அணைந்து கிடந்த அதன் திரையையே உற்றுப் பார்த்தான். நான் சோபா இடுக்கில் ரிமோட்டைத் துழாவினேன். அது கைக்கு வருவதற்குள் காட்சி முடிந்துவிட்டது.

இருபது நிமிடம் கழித்து அதே படத்தில் கதாநாயகன் வில்லனை நாற்காலியில் கட்டிவைத்து ஒவ்வொரு விரலாக நறுக்கினான். அப்போது யாரும் ரிமோட்டைத் தேடவில்லை. அதற்குள் திரும்பி வந்திருந்த அம்மா முழுவதையும் பார்த்துவிட்டு, "இவனுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்" என்றார். நானும் மனதுக்குள் ஆமென் போட்டேன்.

அன்று ராத்திரி படுக்கப் போகும்முன் கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னபோது, "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்தில் நாக்கு தடுக்கியது. சாயங்காலம் முழுவதும் ஒருவன் மன்னிக்காமல் இருப்பதற்காகக் கைதட்டிக்கொண்டிருந்தவன் நான்.

கிறிஸ்தவர்கள் பாவம் இருக்கிற படங்களைப் பார்க்கலாமா என்ற பேச்சு வரும்போதெல்லாம் நாம் பேசுவது முதல் காட்சியைப் பற்றி மட்டும்தான். இரண்டாவது காட்சி கணக்கிலேயே வருவதில்லை. எங்கள் வாலிபர் கூடுகையில் வருஷத்துக்கு ஒருதரமாவது யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். "சுத்தி வளைக்காம சொல்லுங்கண்ணா, பார்க்கலாமா கூடாதா?" ஒரு வரியில் பதில் சொல்லிப் பல வருஷம் ஓட்டியிருக்கிறேன். இப்போது அந்த ஒரு வரி என்னிடம் இல்லை. சபைகளில் நடைமுறையில் இருக்கிற வழிகளை எடுத்துவைத்து, எது எங்கே நிற்கிறது, எது எங்கே சறுக்குகிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான வேலை என்று தோன்றுகிறது.

முதலில் ஒரு பிரிவினை

"பாவம் இருக்கிற படம்" என்று மொத்தமாகச் சொன்னால் வேதாகமமும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். தாமார் வேசிவேஷம் போட்டு வழியில் உட்கார்ந்தது, அம்னோன் தன் சகோதரியைக் கெடுத்தது, நியாயாதிபதிகள் 19-இல் அந்த லேவியனின் மறுமனையாட்டிக்கு இரவு முழுவதும் நடந்தது. இவற்றை அப்படியே படமாக்கினால் எந்த நாட்டிலும் வயதுவந்தோருக்கான சான்றிதழ்தான் கிடைக்கும்.

ஆனால் வேதம் அதைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். 2 சாமுவேல் 11-இல் தாவீது உப்பரிகையிலிருந்து பத்சேபாளைப் பார்க்கிறான், ஆள் அனுப்புகிறான், அவள் வருகிறாள். பாவம் நான்காம் வசனத்திலேயே முடிந்துவிடுகிறது. படுக்கையறைக்குள் நம்மை உட்காரவைக்கவில்லை. ஆனால் அவள் கணவன் உரியா அரண்மனை வாசலில் படுத்துக்கொண்டதை வேதம் நிதானமாகச் சொல்கிறது. உரியாவைப் போரில் சாகவிடச் சொல்லிச் சேனாபதி யோவாபுக்குப் போன கடிதத்தைச் சொல்கிறது. அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனவனே உரியாதான் என்பதையும் சொல்கிறது. கடைசியில், "தாவீது செய்த இந்தக் காரியம் கர்த்தரின் பார்வைக்குப் பொல்லாததாயிருந்தது." பிறகு தீர்க்கதரிசி நாத்தானின் கண்டிப்பு, குழந்தையின் மரணம், அம்னோன், அப்சலோம் என்று அதிகாரம் அதிகாரமாக அந்த வீடு சரிகிறது.

ஆகவே மூன்று விஷயங்களைப் பிரித்துவைத்துக்கொள்கிறேன். பாவத்தைக் காட்டுவது ஒன்று. பாவத்தை நமக்கு ருசியாகப் பரிமாறுவது இன்னொன்று. மூன்றாவது, அதிகம் பேர் யோசிக்காதது: படத்தை எடுப்பதற்காகவே ஒரு மனுஷியிடம் பாவம் செய்யப்பட்டிருப்பது. இந்த மூன்றையும் ஒரே தராசில் போட்டால் எந்த வழியும் சரியாக நிறுக்காது.

படமே வேண்டாம் என்கிற வழி

இதைப் பழமைவாதம் என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. சபை வரலாற்றில் மிக நீண்ட வம்சம் உள்ள வழி இதுதான்.

கி.பி. 200-ஐ ஒட்டிய காலத்தில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் இருந்த சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்கள் ரோமர்களின் காட்சிகளுக்கு, அதாவது நாடகம், தேரோட்டம், வாள்வீரர்களின் கொலைக்களம் எதற்குமே போகக் கூடாது என்று தனி நூலே எழுதினார். அவருடைய எதிராளிகள் கேட்ட கேள்வி இன்றும் அதேதான்: "நாடகத்துக்குப் போகாதே என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?" அப்படி நேரடியாக எங்கும் இல்லை என்று அவரே ஒத்துக்கொள்கிறார். பிறகு சங்கீதம் 1-ஐ எடுக்கிறார்: "பரியாசக்காரர் உட்காரும் இடத்தில் உட்காராமலும்." ஞானஸ்நானத்தில் பிசாசையும் அவன் ஆடம்பரத்தையும் விட்டேன் என்று சொன்ன வாய், அந்த ஆடம்பரத்துக்கு முன்னால் போய் உட்காரலாமா என்பது அவருடைய வாதம். ஒரு பெண் நாடகம் பார்க்கப் போய்ப் பேய்பிடித்துத் திரும்பினாளாம். விசுவாசியை எப்படிப் பிடித்தாய் என்று அதட்டியபோது, "என் இடத்தில்தானே அவளைக் கண்டேன்" என்று அந்தப் பேய் நியாயம் பேசியதாம். இந்தக் கதையை அவர் சிரிக்காமல்தான் சொல்கிறார்.

இந்த வழிக்கு என்னைக் கிட்டத்தட்ட இழுத்துவிடுவது வேறொரு கதை. சபைப் பிதாவான அகஸ்டின் தன் நண்பன் அலிப்பியுஸைப் பற்றி எழுதியது. அலிப்பியுஸுக்கு ரோமின் வாள்வீரர் கொலைக்காட்சிகள் பிடிக்காது. நண்பர்கள் வலுக்கட்டாயமாக இழுத்துப் போகிறார்கள். "என் உடம்பைத்தானே இழுத்துப் போகிறீர்கள், என் மனதையும் கண்ணையும் அங்கே திருப்ப முடியுமா?" என்கிறான். உட்கார்ந்ததும் கண்ணை இறுக மூடிக்கொள்கிறான். காதை மூடவில்லை. களத்தில் ஒருவன் விழுகிறான், கூட்டம் மொத்தமாகக் கூவுகிறது. என்னதான் ஆயிற்று என்று கண் திறக்கிறான். விழுந்தவனுக்குக் கிடைத்த வெட்டைவிடப் பெரிய வெட்டு அவன் ஆத்துமாவுக்குக் கிடைத்தது என்கிறார் அகஸ்டின். அதற்குப் பிறகு இழுத்துப் போனவர்களுக்கு முன்னால் இவன் ஓடினான். மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு ஓடினான். இதே அலிப்பியுஸ்தான் பிற்பாடு தகஸ்தே ஊரின் பேராயர் ஆனார் என்பது ஆறுதல்.

ஆபாசப் படப் பழக்கத்திலிருந்து வெளியே வரப் போராடுகிற ஒருவர் என்னிடம் கேட்டால், நான் சொல்வது இந்த வழியைத்தான். தயக்கமில்லாமல். "உன் வலதுகண் உனக்கு இடறலுண்டாக்கினால், அதைப் பிடுங்கி எறிந்துபோடு" என்றவர் அந்த இடத்தில் கலையைப் பகுத்தறிவது எப்படி என்று வகுப்பு எடுக்கவில்லை. குடியை விட்டவனுக்கு எந்த ஒயின் எந்த உணவுக்குப் பொருந்தும் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சறுக்கும் இடமும் உண்டு. தெர்த்துல்லியனின் நூல் எப்படி முடிகிறது தெரியுமா? இந்த அற்பக் காட்சிகளை விடுங்கள், கடைசி நியாயத்தீர்ப்பு நாளில் நமக்கு ஒரு மகா காட்சி காத்திருக்கிறது என்கிறார். ராஜாக்கள் இருளில் புலம்புவதையும், சபையைத் துன்புறுத்திய அதிகாரிகள் தீயில் உருகுவதையும், நடிகர்கள் நெருப்பில் இன்னும் லாவகமாக ஆடுவதையும் பார்த்து மகிழலாம் என்று ஆசை காட்டுகிறார். அரங்கத்துக்குப் போகாமல் இருந்தும், அடுத்தவன் துடிப்பதைப் பார்த்து ரசிக்கும் பசி அப்படியே இருந்திருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் வீட்டு சோபாதான் ஞாபகம் வந்தது.

இன்னொன்று, நடைமுறையில். கடந்த நூற்றாண்டில் பரிசுத்த இயக்கச் சபைகளும் பெந்தெகொஸ்தே சபைகளும் பல இடங்களில் சினிமாவை வெளிப்படையாகவே விலக்கின. அன்றைக்கு சினிமா என்பது ஒரு கட்டடம். போகாமல் இருந்தால் முடிந்தது. இன்றைக்குத் திரை சட்டைப்பையில் இருக்கிறது. இரட்சிக்கப்பட்ட நாள் முதல் படமே பார்த்ததில்லை என்று சாட்சி சொல்லும் ஒரு பெரியவரை எனக்குத் தெரியும். உண்மைதான், படம் பார்ப்பதில்லை. ஆனால் நாள் முழுக்க ரீல்ஸ், அடுத்த சபையின் போதகரைக் கிழிக்கும் வீடியோக்கள். அவரைக் குறை சொல்ல வரவில்லை. வேலி போட்ட இடம் பழைய எல்லை, அவ்வளவுதான்.

சான்றிதழை நம்பும் வழி

குடும்பஸ்தர்கள் அதிகம் போகிற வழி இது. சான்றிதழைப் பார், விமர்சனத் தளத்தைப் பார், எத்தனை கெட்ட வார்த்தை, எத்தனை முத்தம் என்று எண்ணிப் பார், பிறகு முடிவு செய். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் செய்யாமல் இருப்பது அலட்சியம். பிள்ளைகள் விஷயத்தில் இதற்குமேல் வாதாட ஒன்றுமில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பகுத்தறிவு வரம் கொடுக்கப்படவில்லை.

பெரியவர்கள் இதை மட்டுமே பிடித்துக்கொண்டு நின்றால்தான் சிக்கல். ஹாலிவுட் 1930-இல் ஒரு ஒழுக்க விதித்தொகுப்பை ஏற்றுக்கொண்டது. 1934 முதல் அதைக் கண்டிப்பாக அமல்படுத்தியது. அதை எழுதியவர்களில் ஒருவர் இயேசு சபைக் குருவான டேனியல் லார்ட். குற்றத்தின் பக்கம் பார்வையாளரின் அனுதாபம் சாயக் கூடாது, விபசாரத்தைக் கவர்ச்சியாகக் காட்டக் கூடாது. இதெல்லாம் நல்ல விதிகள், இன்றைய பட்டியல்களைவிட ஆழமானவை என்றுகூடச் சொல்வேன். ஆனால் அதே தொகுப்பில் வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைக் காட்டக் கூடாது என்றும் இருந்தது. அசுத்தம் என்று அவர்கள் எண்ணியதில் ஒரு பகுதி வெறும் இனவெறி. 1968-இல் அந்தத் தொகுப்பு போய், வயதுவாரியான தரக்குறியீடு வந்தது.

எண்ணிக்கை எதையெல்லாம் தவறவிடும் என்பதற்கு 1915-இல் வந்த 'தி பர்த் ஆஃப் எ நேஷன்' போதும். அது மௌனப்படம்; கெட்ட வார்த்தை காதில் விழ வழியே இல்லை. ஆனால் முகமூடி போட்டுக் கறுப்பினத்தவரை வேட்டையாடிய கூ கிளக்ஸ் கிளானை அது வீரர்களாகக் காட்டியது. செத்துப்போயிருந்த அந்த இயக்கம் அதே வருஷம் மறுபடி தொடங்கப்பட்டது, இந்தப் படம் மூட்டிய உற்சாகத்தோடு.

எதிர்த்திசையிலும் உதாரணம் உண்டு. யூதப் படுகொலையைப் பற்றிய 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' 1997-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஏறக்குறைய வெட்டில்லாமல் ஒளிபரப்பானது. நிர்வாணம், வன்முறை, கெட்ட வார்த்தை என்று டாம் கோபர்ன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கண்டித்தார். சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்ததும் மன்னிப்புக் கேட்டார். வதைமுகாமில் ஆடை பிடுங்கப்பட்டு ஓடவிடப்பட்ட மனிதர்களைப் பார்த்து யாருக்கும் இச்சை வரவில்லை, வயிறுதான் கலங்கியது. சினிமாவுக்கு நூறு வயதானபோது, 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில் இதுவும் இருந்தது. எண்ணிப் பார்த்தால் இதுவும் நிர்வாணம்தான், கவர்ச்சிக்காகக் காட்டுவதும் நிர்வாணம்தான். எண்ணிக்கைக்கு அவமானமும் கவர்ச்சியும் ஒன்று.

2004-இல் இயேசுவின் பாடுகளைப் பற்றிய படம் வந்தபோது நடந்த வேடிக்கையும் இதில் சேரும். அதற்கு அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ், அதாவது 17 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் பெரியவர் துணையில்லாமல் பார்க்கக் கூடாது என்ற குறியீடு. 'ஆர்' படமே பார்ப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்த எத்தனையோ சபையார் பேருந்து பிடித்துக் கும்பலாகப் போய்ப் பார்த்தார்கள். நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவர்களுக்கே தெரிந்திருந்தது, சான்றிதழ் தங்கள் உண்மையான அளவுகோல் இல்லை என்று.

வெட்டிவிட்டுப் பார்ப்பது, அல்லது சுத்தமானதை மட்டும் பார்ப்பது

இந்த இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

காட்சிகளைத் தாண்டவும் வசனத்தை ஊமையாக்கவும் மென்பொருள்கள் இருக்கின்றன. வீட்டுக்குள் அப்படிப் பார்ப்பதை அமெரிக்காவில் 2005-இல் ஒரு சட்டமே அனுமதித்தது. ஆனாலும் விட்ஏஞ்சல் என்ற நிறுவனத்தின் மேல் பெரிய ஸ்டுடியோக்கள் வழக்குப் போட்டு, 2019-இல் ஜூரி 6.24 கோடி டாலர் நஷ்டஈடு விதித்தது. காட்சிகளைத் தாண்டிப் பார்க்கவைத்ததற்காக இல்லை. அனுமதியில்லாமல் நகலெடுத்து ஒளிபரப்பியதற்காக. சுத்தமாகப் பார்ப்பதற்காக அடுத்தவன் சொத்தை எடுக்கலாமா என்பது தனிக் கேள்வி. திருட்டுப் பிரதியில் "குடும்பப் படம்" பார்க்கிறவர்களும் இந்த வாக்கியத்தை இன்னொரு தடவை வாசிக்கலாம்.

தாண்டிவிடும் பொத்தான் நல்ல கருவி. ஒரு நல்ல கதையில் தேவையில்லாமல் செருகிய ஒரு நிமிடத்துக்கு அது போதும். ஆனால் படமே அந்தத் திசையில் போகும்போது பொத்தான் என்ன செய்யும்? கண்ணை மூடினான் அலிப்பியுஸ், கூச்சல் கேட்டது. எங்கள் வீட்டில் தம்பி அணைந்த போனைப் பார்த்துக்கொண்டிருந்தான், பின்னணி இசை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

கிறிஸ்தவப் படங்களை மட்டும் பார்ப்பது என்பது கேட்க அழகாக இருக்கிறது. சிலவற்றுக்காக நானும் நன்றி சொல்வேன். ஆனால் ஜெபித்தால் வேலை கிடைக்கும், நோய் போகும், வில்லனும் கடைசிப் பாட்டில் முழங்காலிடுவான் என்று சொல்கிற கதைகள் யோபு புத்தகத்துக்கு முன்னால் நிற்காது. பிலிப்பியர் 4:8-ஐ எல்லோரும் இந்த விவாதத்தில் எடுப்பார்கள். அந்தப் பட்டியலின் முதல் வார்த்தை என்ன? "உண்மையுள்ளவைகளெவைகளோ." பொய்யான ஆறுதல் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் முதல் வாசலிலேயே நின்றுவிடும். அதே சமயம் "உண்மை" என்ற வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டு, எதையும் காட்டலாம் என்று போகிறவர்கள், இரண்டு மூன்று வார்த்தை தள்ளி "கற்புள்ளவைகளெவைகளோ" என்று இருப்பதையும் வாசிக்க வேண்டும்.

பகுத்துப் பார்க்கும் வழி

நான் நிற்கிற இடம் இதுதான். இங்கே நிற்கிறவர்கள்தான் தங்களை மிக எளிதாக ஏமாற்றிக்கொள்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

இதற்கு வேதத்தில் நல்ல ஆதாரம் இருக்கிறது. தானியேல் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் படித்தான், ராஜாவின் போஜனத்தில் மட்டும் கோடு போட்டான். பவுல் ஏதென்ஸில் பேசும்போது, "நாம் அவருடைய சந்ததியார்" என்று கிரேக்கப் புலவனின் வரியை எடுத்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது 1 கொரிந்தியர் 15:33. "ஆகாத சம்பாஷணைகள் நல்லொழுக்கங்களைக் கெடுக்கும்." சினிமா வேண்டாம் என்று சொல்ல எத்தனை பிரசங்கங்களில் இந்த வசனத்தைக் கேட்டிருப்போம்! அந்த வரி மெனாந்தர் என்ற கிரேக்க நாடக ஆசிரியரின் நகைச்சுவை நாடகத்திலிருந்து வந்தது என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது. நாடகத்தின் பெயர் 'தாயிஸ்', அது ஒரு தாசியின் பெயர். பவுல் அந்த நாடகத்தைப் பார்த்தார் என்று நான் சொல்லவில்லை. அந்த வரி அன்றைக்குப் பழமொழிபோல ஊரில் உலவியிருக்கும். ஆனாலும் அதை எடுத்துச் சொல்ல அவர் கூச்சப்படவில்லை.

சுதந்தரம் இருக்கிறது, சரி. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்று வாலிபர்கள் வசனத்தோடு வருவார்கள். அதே வசனம் "எல்லாம் தகுதியாயிராது" என்றும், "நான் ஒன்றிற்கும் அடிமைப்படமாட்டேன்" என்றும் தொடர்கிறது. "வாய்க்குள்ளே போகிறது மனுஷனைத் தீட்டுப்படுத்தாது" என்ற வசனத்தையும் கொண்டுவருவார்கள். இயேசு பேசியது சாப்பாட்டைப் பற்றி. கண்ணைப் பற்றிப் பேசியபோது அவர் இவ்வளவு தாராளமாகப் பேசவில்லை.

என்னை உட்காரவைத்த வசனம் ரோமர் 1:32. பாவங்களின் நீண்ட பட்டியலைப் போட்டுவிட்டு பவுல் கடைசியில், "அவைகளைத் தாங்களே செய்கிறதுமல்லாமல், அவைகளைச் செய்கிற மற்றவர்களிடத்திலும் பிரியப்படுகிறார்கள்" என்கிறார். பிரியப்படுகிறார்கள். செய்வதோடு நிற்கவில்லை, மற்றவர்கள் செய்வதைப் பார்த்தும் மகிழ்கிறார்கள். திரைக்கு முன்னால் உட்காருகிறவனுக்கு இதைவிடப் பொருத்தமாக யாராலும் எழுத முடியாது.

இதை வைத்துத்தான் இப்போது படங்களை நிறுக்கிறேன். இந்தப் படம் எந்தப் பாவத்தைக் காட்டுகிறது என்று பார்ப்பதோடு, நான் எதைப் பார்த்து மகிழ வேண்டும் என்று அது ஏற்பாடு செய்திருக்கிறது என்றும் பார்க்கிறேன். பேராசையால் ஒருவன் அழிவதைக் காட்டும் படம் எவ்வளவு இருட்டாக இருந்தாலும் என் பேராசைக்கு அது பயத்தைக் கொடுக்கிறது. அதே பேராசையை வெளிநாட்டுக் கார்களோடும் துள்ளல் இசையோடும் காட்டி, கடைசி ஐந்து நிமிடத்தில் மட்டும் போலீஸை அனுப்பிவைக்கும் படம், எண்ணிக்கையில் சுத்தமாக இருந்தாலும், இரண்டு மணி நேரம் எனக்கு ஆசைதான் காட்டியது. பழிவாங்கும் படங்களில் இது இன்னும் மோசம். முதல் ஒரு மணி நேரம் நம் கோபத்தை அடுக்கி அடுக்கி ஏற்றுவார்கள். அதற்குப் பிறகு வில்லனுக்கு என்ன செய்தாலும் நமக்கு நீதியாகவே தெரியும்.

இந்தத் தராசில் போட்டபோது நான் எதிர்பார்க்காத சிலவும் கீழே இறங்கின. எந்நேரமும் நான் பாராட்டிவந்த குடும்பப் படங்கள் சிலவற்றில் சிரிப்பு வருவதே ஒருத்தியின் நிறத்தையோ உடம்பையோ கேலி செய்வதில்தான் என்பதைக் கவனித்தேன். பிள்ளைகளோடு உட்கார்ந்து சிரித்திருக்கிறேன்.

ஆனால் இந்தத் தராசு எல்லாவற்றுக்கும் போதாது. அங்கேதான் அந்த மூன்றாவது பிரிவு வருகிறது. திரையில் ஒருவன் சுடப்பட்டால் படப்பிடிப்பு முடிந்து எழுந்து டீ குடிக்கப் போவான். கொலை நடிப்பு. நிர்வாணம் அப்படி இல்லை. அந்தப் பெண்ணின் உடம்பு நிஜமாகவே அங்கே கேமராவுக்கு முன்னால் இருந்தது, சுற்றி நிஜ மனிதர்கள் நின்றார்கள். 1972-இல் உலகப் புகழ்பெற்ற ஒரு படத்தில் நடித்தபோது மரியா ஷ்னைடர் என்ற நடிகைக்கு 19 வயது. அதிலிருந்த ஒரு பாலியல் வன்முறைக் காட்சி கதைப்பிரதியில் இல்லாதது, எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் தன்னிடம் சொன்னார்கள், தான் அவமானப்படுத்தப்பட்டதாக உணர்ந்ததாக 2007-இல் ஒரு பேட்டியில் சொன்னார். அதில் வந்த கண்ணீர் நிஜக் கண்ணீர் என்றார். விமர்சகர்கள் அதற்குள் முப்பது வருஷமாக அந்தப் படத்தைப் புகழ்ந்திருந்தார்கள். 2017-க்குப் பிறகுதான் இப்படிப்பட்ட காட்சிகளில் நடிகர்களைப் பாதுகாக்கத் தனியாக ஒரு ஆளை நியமிப்பது பரவலானது.

"எனக்கு ஒன்றும் ஆகாது, நான் பக்குவப்பட்டவன்" என்று ஒருவர் சொன்னால் நம்பவே நம்புவேன். அப்போதும் கேள்வி அவரைப் பற்றி மட்டும் இல்லையே. நம் சொந்தச் சகோதரி திரையில் இருந்தால் நாம் அதைக் கலை என்று சொல்லிப் பார்ப்போமா? "உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோலப் பிறனிடத்திலும்" என்பதில் திரையின் அந்தப் பக்கம் நிற்கிறவரும் சேர்த்திதான். அதனால் பாலியல் காட்சிகளில் நான் பகுத்தறிவு பேசுவதில்லை, கோடுதான் போடுகிறேன். வதைமுகாம் போன்ற விதிவிலக்கு வரும். வரும்போது தனியாக யோசிப்பேன். விதிவிலக்கை வைத்து விதியை எழுதமாட்டேன்.

யாருக்கு எது?

இப்போது அந்த வாலிபன் மறுபடி கேட்டால், நான் பதிலுக்குக் கேட்பேன்: கேட்கிறது யார்?

அடிமைப்பட்ட பழக்கத்தோடு போராடுகிறவருக்கு முதல் வழி. அது அவமானமில்லை. "விசுவாசத்தினாலே வராத யாவும் பாவமே" என்று ரோமர் 14 முடிகிறது. மனசாட்சி உறுத்திக்கொண்டே இருக்க, நண்பர்களுக்காகப் பார்க்கிறவருக்கும் அதே வழிதான். படம் நல்ல படமாகவே இருக்கலாம், அவருக்கு அது பாவம். பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்குச் சான்றிதழும் விமர்சனமும் வேண்டும். ஆனால் அது பிள்ளைகளோடு பேசுவதற்குப் பதிலாக ஆகிவிடக் கூடாது. விரல் நறுக்கும் காட்சிக்குப் பிறகு "அவன் செஞ்சது சரியா?" என்று யாராவது கேட்டிருந்தால் எங்கள் வீட்டில் அன்றைக்கு நல்ல வேத ஆராய்ச்சி நடந்திருக்கும். நிலைப்பட்ட விசுவாசிக்குப் பகுத்துப் பார்க்கும் வழி திறந்திருக்கிறது. ஒரு நிபந்தனை: படம் தொடங்கிய பிறகு பகுத்தறிவது மிகக் கடினம், எனவே உட்காருவதற்கு முன்னாலேயே முடிவெடுத்தாக வேண்டும். பாதியில் எழுந்துபோகத் தெரியாதவருக்கு இந்த வழி ஒத்துவராது.

கூட இருப்பவரையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். நான் தாராளமாகப் பார்க்கும் ஒரு போர்ப்படத்தை, அந்த வாசனையே ஆகாத நண்பன் வந்திருக்கும்போது போடமாட்டேன். போஜனம் என் சகோதரனுக்கு இடறலுண்டாக்கினால் என்றைக்கும் மாம்சம் புசியாதிருப்பேன் என்று பவுலால் சொல்ல முடிந்தது. எனக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரியே பெரிதாகத் தெரிகிறது என்றால், நான் பேசிய சுதந்தரம் எந்த அளவுக்குச் சுதந்தரம் என்று தெரிந்துவிடும். மறுபக்கம், பார்க்காத சகோதரன் பார்க்கிற என்னைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்றும் அதே பவுல்தான் எழுதினார். இந்தப் பாதியைப் பிரசங்கத்தில் கொஞ்சம் குறைவாகவே கேட்கிறோம்.

போன மாதம் ஒரு படத்தை நாற்பதாவது நிமிடத்தில் நிறுத்தினேன். விருது வாங்கிய படம். ஒளிப்பதிவு அவ்வளவு அழகு. ஒரு கணவன் மனைவிக்குத் துரோகம் செய்யப்போகிறான், அவன் சீக்கிரம் செய்துவிட வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருப்பதைத் திடீரென்று உணர்ந்தேன். ரிமோட் இந்தத் தடவை கையிலேயே இருந்தது. என் மனைவி, "ஏன் நிறுத்திட்டீங்க, நல்லாத்தானே இருந்தது?" என்றாள். "அதனாலதான்" என்றேன். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

அந்தப் படம் பல வாரம் 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் முதலிலேயே நின்றது, பாதி நிரம்பிய சிவப்புக் கோட்டோடு. செயலியைத் திறக்கும்போதெல்லாம் மீதி என்ன ஆகும் என்று மனம் ஒரு எட்டு எட்டிப் பார்க்கும். வரிசையிலிருந்து ஒரு படத்தை நீக்க முடியும் என்பதே எனக்குத் தெரியாது. போன வாரம் தம்பிதான் காட்டிக்கொடுத்தான். ஓரத்திலிருக்கும் மூன்று புள்ளியை அழுத்த வேண்டுமாம்.